‘ஆனி’ என்று தட்டினால் ஆனி மாசக் கணக்கு வர வேண்டும்

எங்கள் அம்மா 4 மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். தினமும் எந்த வீட்டுக்கு எத்தனை லிட்டர் என்று ஒரு ஃபைலில் தட்டி வைப்பார், மாசக் கடைசியில் நான் எழுதிக் கொடுத்த ஒரு சின்ன பைத்தான் புரோகிராம் அதைக் கூட்டிக் கொடுக்கும். எல்லாம் நன்றாகத்தான் ஓடியது, ஒரே ஒரு தொல்லை: ஃபைல் பெயரை நான் புரோகிராமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். மாசம் பிறந்தால் எனக்கு போன் வரும், நான் அம்மாவுக்கு “மூணாவது வரியில வைகாசின்னு இருக்கும் பாரும்மா, அதை ஆனின்னு மாத்து” என்று சொல்லிக் கொடுக்க, அவர் மேற்கோள் குறியையும் சேர்த்து அழித்துவிட, அரை மணி நேரம் போகும். நாலாவது மாசம் அவரே சொல்லிவிட்டார்: “எந்த மாசம்னு அதையே என்கிட்ட கேக்கச் சொல்லேன்டா, நான் சொல்ல மாட்டேனா?”

அவ்வளவுதான் விஷயம். ஃபைல் பெயரை நீங்கள் முடிவு செய்யாமல், புரோகிராமை ஓட்டுகிறவரிடம் கேட்பது. கேட்பது ஒரு வரி வேலை. ஆனால் மனுஷர் தட்டும் பெயரில் என்னென்ன வரும் என்று யோசிக்க ஆரம்பித்தால் வேலை கொஞ்சம் நீளும், அதிலும் படிக்கும் பக்கத்தைவிட எழுதும் பக்கத்தில்தான் ஆபத்து அதிகம். அம்மாவின் ஒரு மாசக் கணக்கை நானே அழித்துவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன், அந்தக் கதை பின்னால் வருகிறது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. கீழே நிரல் வரிகளைப் போனில் சொல்லிக் கொடுப்பதுபோல, காதில் விழுகிறபடி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். ஓப்பன், வித், இன்புட், ப்ரிண்ட் மாதிரியான பைத்தான் சொற்களை நீங்கள் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், இல்லாவிட்டால் பைத்தானுக்குப் புரியாது. ஃபைல் பெயரின் வால் .டிஎக்ஸ்டி, ஓப்பனுக்குக் கொடுக்கும் ஆர், டபிள்யூ, ஏ, எக்ஸ் எழுத்துகள், யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் ஃபைலில் எழுதி வைக்கும் முறை), பின்னால் வரும் என்எஃப்சி, வரியை முடிக்கும் \என் இவையும் ஆங்கிலத்தில்தான். ஆனால் பெயர், கோப்பு, வரி, மொத்தம் என்று நாம் வைக்கும் மாறிகளை அப்படியே தமிழில் தட்டலாம். பைத்தான் 3 தமிழ் மாறிப் பெயர்களை ஒழுங்காக ஏற்றுக்கொள்கிறது, முயன்று பாருங்கள், ஓடும்.

முதலில் படிக்க ஒரு ஃபைல் வேண்டும். நோட்பேடைத் திறந்து இதைத் தட்டி, புரோகிராம் இருக்கும் அதே ஃபோல்டரில் ‘ஆனி’ என்று சேமியுங்கள்:

மாடி வீடு,1
டீக்கடை,6.5
வாத்தியார் வீடு,0.5
கோயில் வீடு,2
மாடி வீடு,1
டீக்கடை,7
வாத்தியார் வீடு,0.5
கோயில் வீடு,2

இரண்டு நாள் கணக்கு. வீட்டின் பெயர், ஒரு காற்புள்ளி, லிட்டர். ‘ஆனி’ என்று சேமித்தால் நோட்பேடே பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிவிடும், ஆனால் விண்டோஸ் அந்த வாலை நம் கண்ணில் காட்டாமல் மறைத்து வைக்கும். அதனால்தான் பலர் “ஆனி.டிஎக்ஸ்டி” என்று தாங்களே வாலையும் சேர்த்துப் பெயரை மாற்றி, உள்ளே ஆனி.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி என்று இரட்டை வாலோடு ஒரு ஃபைலை உருவாக்கி, புரோகிராம் ஃபைலே இல்லை என்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிடுங்கள். புரோகிராம் எழுதுகிறவர் கணினியில் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

இப்போது படிக்கும் புரோகிராம், மிகச் சின்ன வடிவில்:

பெயர் = இன்புட்("எந்த மாசக் கணக்கு? ")
வித் ஓப்பன்(பெயர், "ஆர்", என்கோடிங்="யூடிஎஃப்-8") ஆஸ் கோப்பு:
    ஃபார் வரி இன் கோப்பு:
        ப்ரிண்ட்(வரி)

இன்புட் என்பது கேள்வியைத் திரையில் காட்டி, ஆள் தட்டி என்டர் அழுத்தும்வரை காத்திருந்து, தட்டியதை ஒரு சரமாக, அதாவது எழுத்துகளின் வரிசையாக, திருப்பித் தரும். ஓப்பனுக்கு அது நீங்கள் எழுதிய பெயரா, அம்மா தட்டிய பெயரா என்ற வித்தியாசமெல்லாம் தெரியாது, சரமாக இருந்தால் போதும். இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் தவறு, ஓப்பனுக்குள் மாறியை மேற்கோள் குறிக்குள் போடுவது. அப்படிப் போட்டால் அம்மா என்ன தட்டினாலும் புரோகிராம் ‘பெயர்’ என்ற பெயருடைய ஃபைலைத்தான் தேடும். மேற்கோள் இல்லாமல் போடுங்கள்.

வித் எதற்கு? உள்ளே தள்ளி எழுதிய வரிகள் முடிந்ததும் ஃபைலைத் தானாக மூடிவிடும், நடுவில் எரர் வந்தாலும் மூடிவிடும். எழுதும்போதுதான் இதன் அருமை தெரியும்: ரைட் என்று சொன்ன உடனே எழுத்துகள் டிஸ்கில் போய் உட்காருவதில்லை, நினைவகத்தில் கொஞ்சம் சேர்ந்த பிறகுதான் போகும். மூட மறந்துவிட்டு, புரோகிராமும் ஓடிக்கொண்டே இருந்தால், நோட்பேடில் திறந்து பார்க்கிறவருக்கு வெறும் பக்கம்தான் தெரியும்.

ஓட்டிப் பாருங்கள். அம்மா ஓட்டினால் அநேகமாக முதல் தடவையே விழும், ஏனென்றால் அவர் வெறும் ‘ஆனி’ என்றுதான் தட்டுவார், ஃபைலின் முழுப் பெயரோ ஆனி.டிஎக்ஸ்டி. வாலைத் தட்டச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்வதில் எனக்கு உடன்பாடில்லை, அது புரோகிராமின் வேலை. அதேபோல ‘ஆனி’க்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்திருக்கும், போனில் தட்டிப் பழகியவர்களுக்குக் கடைசியில் ஸ்பேஸ் தட்டுவது கைப்பழக்கம். இன்னொரு வகை ஆட்கள் விண்டோஸில் ஃபைல் மேல் வலது கிளிக் செய்து காப்பி ஆஸ் பாத் கொடுத்து ஒட்டுவார்கள், அதில் முன்னும் பின்னும் இரட்டை மேற்கோள் குறி கூடவே வரும். இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சரி செய்ய ஒரு சின்ன ஃபங்ஷன்:

டெஃப் பெயர்_கேள்(கேள்வி):
    பெயர் = ""
    வைல் பெயர் == "":
        பெயர் = இன்புட்(கேள்வி).ஸ்ட்ரிப்().ஸ்ட்ரிப்('"')
    இஃப் நாட் பெயர்.லோயர்().எண்ட்ஸ்வித்(".டிஎக்ஸ்டி"):
        பெயர் = பெயர் + ".டிஎக்ஸ்டி"
    ரிட்டர்ன் பெயர்

வைல் எதற்கென்றால், ஒன்றும் தட்டாமல் வெறும் என்டர் அடிப்பவர்களுக்காக. அது இல்லாவிட்டால் வாலை மட்டும் பெயராகக் கொண்ட ஒரு மொட்டை ஃபைல் உருவாகும். லோயர் போட்டது வாலைப் பெரிய ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களுக்காக. தமிழில் பெரிய எழுத்து சின்ன எழுத்து தகராறு கிடையாது என்பது ஒரு நிம்மதி, ஆனால் தமிழுக்கென்று வேறொரு தகராறு இருக்கிறது, வருகிறேன்.

பாதையைப் பற்றி, அதாவது ஃபோல்டர்களோடு சேர்த்த ஃபைலின் முழு முகவரியைப் பற்றி, ஒரு கேள்வி அடிக்கடி வரும்: விண்டோஸ் பாதையில் சாய்கோடு (\) வருகிறதே, அதை இரட்டிப்பாக்க வேண்டாமா? நீங்கள் நிரலுக்குள் மேற்கோளுக்கு நடுவே எழுதினால் வேண்டும், ஏனென்றால் அங்கே சாய்கோடும் ‘என்’ எழுத்தும் சேர்ந்தால் புது வரி என்று பொருள். ஆனால் ஆள் தட்டி இன்புட் வழியாக வந்த சாய்கோடு வெறும் சாய்கோடுதான். அதைத் தொடாதீர்கள்.

பெயர் சரியாக இருந்தும் ஃபைல் இல்லை என்று சொல்கிறதா? வெறும் பெயரைக் கொடுத்தால் பைத்தான் தேடுவது, புரோகிராம் ஃபைல் கிடக்கும் ஃபோல்டரில் அல்ல, புரோகிராமை எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டினீர்களோ அங்கே. பல சமயம் இரண்டும் ஒன்றாக இருக்கும் என்பதால் இந்த வித்தியாசம் மண்டையில் ஏறாது. விஎஸ் கோடில் (நிரல் எழுதும் செயலி) வெளி ஃபோல்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உள் ஃபோல்டரில் இருக்கும் புரோகிராமை ஓட்டும் அன்று மாட்டும். சந்தேகம் வந்தால் ஓஎஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து, ஓஎஸ்.கெட்சிடபிள்யூடி() என்பதை ப்ரிண்ட் செய்து பாருங்கள், தான் எங்கே நிற்கிறது என்று அதுவே சொல்லும்.

சரி, நிஜமாகவே அந்தப் பெயரில் ஃபைல் இல்லை என்றால்? பைத்தான் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர் என்று ஏழெட்டு வரி சிவப்பில் கொட்டிவிட்டு நின்றுவிடும். அம்மாவுக்கு அதைப் பார்த்தாலே கணினியே போய்விட்டது என்ற பயம். மறுபடி கேட்க வைப்போம்:

டெஃப் கணக்கைப்_படி():
    வைல் ட்ரூ:
        பெயர் = பெயர்_கேள்("எந்த மாசக் கணக்கு? ")
        ட்ரை:
            வித் ஓப்பன்(பெயர், "ஆர்", என்கோடிங்="யூடிஎஃப்-8-சிக்") ஆஸ் கோப்பு:
                ரிட்டர்ன் பெயர், கோப்பு.ரீட்().ஸ்ப்ளிட்லைன்ஸ்()
        எக்ஸெப்ட் ஃபைல்நாட்ஃபவுண்ட்எரர்:
            ப்ரிண்ட்(பெயர், "இங்கே இல்லை. இன்னொரு தடவை தட்டுங்கள்.")

இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் திறப்பது என்று சிலர் சொல்லிக் கொடுப்பார்கள். தவறில்லை. ஆனால் நேராகத் திறந்து பார்த்து, முடியாவிட்டால் பிடித்துக்கொள்வது எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் ஃபைல் இருந்தும் திறக்க முடியாத சந்தர்ப்பங்கள் உண்டு. ஓப்பனுக்கு ஒரு ஃபோல்டரின் பெயர் போய்விட்டால் லினக்ஸ் அது ஃபோல்டர் என்று தெளிவாகச் சொல்லும், விண்டோஸோ பெர்மிஷன்எரர் என்று அனுமதி இல்லாத கதை பேசும். வெறும் எக்ஸெப்ட் போட்டு எல்லா எரரையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள், உங்கள் எழுத்துப்பிழைகூட “ஃபைல் இல்லை” என்று வேஷம் போட்டுக்கொண்டு வரும்.

இப்போது என்கோடிங், அதாவது எழுத்துகளை எந்தப் பட்டியல்படி பைட்டுகளாக்கி ஃபைலில் வைப்பது என்பது. தமிழில் ஃபைல் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகக் கூடாது. ஓப்பனில் என்கோடிங் சொல்லாமல் விட்டால், பல விண்டோஸ் கணினிகளில் பைத்தான் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 1252 என்ற பழைய பட்டியலை எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடு, 15 பைட். அந்த 15 பைட்டையும் 1252 தனித்தனி எழுத்தாகப் படிக்கப் பார்க்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஆனி’, ‘மாடி’ போன்ற சொற்கள் எரர் இல்லாமல் வந்துவிடும், தொப்பி வைத்த ஐரோப்பிய எழுத்துக் குப்பையாக. ஆனால் புள்ளியோ, உகரக் குறியோ, ஏ அல்லது ஐ எழுத்தோ வந்தால் யூனிகோட்டிகோட்எரர் என்று புரோகிராம் விழுந்துவிடும், ஏனென்றால் அவற்றின் மூன்றாவது பைட்டுக்கு அந்தப் பட்டியலில் இடமே காலியாக விடப்பட்டிருக்கிறது. ஆக ‘மாடி’ வரை படித்த புரோகிராம் ‘வீடு’ என்பதன் கடைசி எழுத்தில் விழும். நண்பர் ஒருவர் தன் ஃபைலில் குறிப்பிட்ட சில வரிகளில் மட்டும் எரர் வருகிறது என்று ஒரு நாள் முழுக்க அந்த வரிகளையே திருத்திக்கொண்டிருந்தார். வரிகளில் பிழையே இல்லை.

பைத்தான் 3.15 பதிப்பிலிருந்து யூடிஎஃப்-8 தான் இயல்பு என்று முடிவு செய்திருக்கிறார்கள். இருந்தாலும் காலேஜ் லேப் கணினியில் எந்தப் பதிப்பு கிடக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது, எழுதிவிடுங்கள்.

மேலே படிக்கும்போது ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று ஒரு வால் சேர்த்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பழைய நோட்பேட் யூடிஎஃப்-8 ஃபைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை வைக்கும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் அதை இயல்பாக வைப்பதில்லை, ஆனால் பழைய கணினிகள் இன்னும் ஓடுகின்றன. சிக் சேர்த்தால் குறி இருந்தால் உதிர்த்துவிடும், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கும். அதை விட்டால் என்ன ஆகும்? முதல் வரியின் ‘மாடி வீடு’க்கு முன்னால் அந்தக் குறி ஒட்டிக்கொள்ளும், ஐந்தாவது வரியின் ‘மாடி வீடு’ வேறாகிவிடும், பில்லில் மாடி வீடு இரண்டு தடவை வரும். ஸ்ட்ரிப் அதை நீக்காது, ஏனென்றால் அது இடைவெளி இல்லை.

இதைச் சரி செய்த பிறகும் எங்கள் பில்லில் ‘கோயில் வீடு’ மட்டும் இரண்டு தடவை வந்தது. இதுதான் நான் சொன்ன தமிழுக்கென்றே உள்ள தகராறு. யூனிகோடில் ‘கோ’ என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஓகாரக் குறி என்று ஒரே குறியீடாக, அல்லது க-வுக்குப் பின் ஏகாரக் குறியும் காலும் என்று இரண்டாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும், பைத்தானுக்கு இரண்டும் வெவ்வேறு சரம். பெரும்பாலான கீபோர்டுகள் முதல் விதமாகத்தான் எழுதுகின்றன, சில கீபோர்டுகளில் ஏகாரத்தையும் காலையும் தனித்தனியாகத் தட்டினால் இரண்டாவது விதமாக உட்கார்ந்துவிடும். அம்மா பகலில் போனிலும் ராத்திரி கணினியிலும் மாறி மாறித் தட்டியதில் கோயில் வீடு இரண்டு வீடாகிவிட்டது. ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். மருந்து, யூனிகோட்டேட்டா என்ற மாட்யூலில் இருக்கும் நார்மலைஸ். ‘என்எஃப்சி’ என்று சொன்னால் எல்லாவற்றையும் முதல் விதத்துக்கு மாற்றிவிடும். இரண்டு சரங்கள் பார்க்க ஒன்றாக இருந்தும் சமமில்லை என்று பைத்தான் அடம் பிடித்தால், இரண்டையும் ஆஸ்கி() ஃபங்ஷனுக்குள் போட்டு ப்ரிண்ட் செய்யுங்கள், ஒவ்வொரு குறியீட்டின் எண்ணும் அம்பலமாகும்.

(பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய ஃபைல் என்றால் இதெல்லாம் உதவாது. அது உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் இருக்கிறது, முதலில் யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும்.)

இனி கூட்டல்:

இம்போர்ட் யூனிகோட்டேட்டா

டெஃப் கூட்டு(வரிகள்):
    மொத்தம் = {}
    ஃபார் எண், வரி இன் எனுமரேட்(வரிகள், 1):
        வரி = யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்("என்எஃப்சி", வரி.ஸ்ட்ரிப்())
        இஃப் வரி == "":
            கண்டின்யூ
        ட்ரை:
            வீடு, லிட்டர் = வரி.ஸ்ப்ளிட்(",")
            வீடு = வீடு.ஸ்ட்ரிப்()
            மொத்தம்[வீடு] = மொத்தம்.கெட்(வீடு, 0) + ஃப்ளோட்(லிட்டர்)
        எக்ஸெப்ட் வேல்யூஎரர்:
            ப்ரிண்ட்(எண், "ஆவது வரி புரியவில்லை:", வரி)
    ரிட்டர்ன் மொத்தம்

இதில் எனக்குப் பிடித்தது கடைசி எக்ஸெப்ட்தான். அம்மா ஒரு நாள் ‘வாத்தியார் வீடு,அரை’ என்று தட்டியிருந்தார். காற்புள்ளி விட்டுப் போனாலும், இரண்டு காற்புள்ளி விழுந்தாலும், எண்ணுக்குப் பதில் ‘அரை’ வந்தாலும் எல்லாம் வேல்யூஎரர்தான். எத்தனையாவது வரி என்று சொல்லிவிட்டால் அவரே போய்த் திருத்திக்கொள்கிறார், எனக்கு போன் வருவதில்லை. பேசாமல் அந்த வரியைத் தாண்டிப் போகிற புரோகிராம் எழுதிவிடாதீர்கள், யாரோ ஒருவருக்கு அரை லிட்டர் இலவசமாகப் போகும். வெற்று வரியைத் தாண்டுவது மட்டும் சரி, ஃபைலின் கடைசியில் இரண்டு என்டர் தட்டாத மனுஷரே இல்லை.

இப்போது எழுதும் பக்கம். மூன்று எழுத்து இருக்கிறது: ‘டபிள்யூ’, ‘ஏ’, ‘எக்ஸ்’. ஏ என்றால் இருப்பதன் வாலில் சேர்த்துக்கொண்டே போகும். டபிள்யூ என்றால் புதிதாக எழுதும், அந்தப் பெயரில் ஏற்கனவே ஃபைல் இருந்தால் அதைக் காலி செய்துவிட்டு. எப்போது காலி செய்யும் என்பதில்தான் சூட்சுமம். நீங்கள் ரைட் சொல்லும்போது இல்லை, ஓப்பன் சொன்ன அந்த நொடியிலேயே. கேட்காது, எச்சரிக்காது, ரீசைக்கிள் பின்னிலும் போடாது.

என் கதைக்கு வருகிறேன். பில்லை எந்தப் பெயரில் எழுதட்டும் என்று புரோகிராம் கேட்டது. சோதனைதானே என்று நான் யோசிக்காமல் ‘ஆனி’ என்றே தட்டினேன், அதாவது கணக்கு இருக்கும் அதே ஃபைலின் பெயர். படித்து முடித்தாகிவிட்டது, ஓப்பன் டபிள்யூவில் திறந்தது, ஃபைல் காலி. சரி, பில்லாவது அதில் வந்திருக்கும் என்கிறீர்களா? எழுதும் ஓப்பனில் நான் என்கோடிங் போட மறந்திருந்தேன். 1252 பட்டியலில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை, முதல் எழுத்திலேயே எரர். ஆனி.டிஎக்ஸ்டி, 0 பைட். நல்ல வேளையாக அம்மாவுக்குக் கணினிமேல் முழு நம்பிக்கை வந்திருக்கவில்லை, சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். 26 நாள் கணக்கை ராத்திரி உட்கார்ந்து நான்தான் மறுபடி தட்டினேன், அவர் கட்டிலில் படுத்துக்கொண்டே வாசிக்க வாசிக்க.

அதிலிருந்து, ஆள் பெயர் சொல்லும் ஃபைல் என்றால் நான் டபிள்யூவில் தொடங்குவதே இல்லை. எக்ஸ் இருக்கிறது. பைத்தான் 3.3 முதல் உண்டு, பாடப்புத்தகங்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அந்தப் பெயரில் ஃபைல் இல்லையென்றால் மட்டும் உருவாக்கும், இருந்தால் தொடாமல் ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எரர் என்று சொல்லிவிடும்:

டெஃப் பில்_எழுது(மொத்தம், விலை, மூலம்):
    முறை = "எக்ஸ்"
    பெயர் = பெயர்_கேள்("பில்லுக்கு என்ன பெயர்? ")
    வைல் ட்ரூ:
        ட்ரை:
            வித் ஓப்பன்(பெயர், முறை, என்கோடிங்="யூடிஎஃப்-8") ஆஸ் கோப்பு:
                ஃபார் வீடு, லிட்டர் இன் மொத்தம்.ஐட்டம்ஸ்():
                    கோப்பு.ரைட்(வீடு + ": " + எஸ்டிஆர்(லிட்டர் * விலை) + "\என்")
            ரிட்டர்ன்
        எக்ஸெப்ட் ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எரர்:
            பதில் = ""
            இஃப் பெயர் != மூலம்:
                பதில் = இன்புட்(பெயர் + " ஏற்கனவே இருக்கிறது. அழித்து எழுதவா? ")
            இஃப் பதில்.ஸ்ட்ரிப்() == "ஆம்":
                முறை = "டபிள்யூ"
            எல்ஸ்:
                பெயர் = பெயர்_கேள்("வேறு பெயர் சொல்லுங்கள்: ")
        எக்ஸெப்ட் ஓஎஸ்எரர்:
            பெயர் = பெயர்_கேள்("இந்தப் பெயரில் எழுத முடியவில்லை. வேறு பெயர்: ")

மூலம் என்பது கணக்கு படித்த ஃபைலின் பெயர். அதே பெயர் வந்தால் “அழிக்கவா” என்று கேட்கக்கூட இல்லை பாருங்கள், ஏனென்றால் அவசரத்தில் எல்லோரும் ஆம் என்றுதான் தட்டுவோம். மற்றபடி ‘ஆம்’ என்று முழுசாகத் தட்டினால் மட்டுமே அழிக்கும், வெறும் என்டருக்கு அழிக்காது. எக்ஸெப்ட் வரிகளின் வரிசையை மாற்றாதீர்கள், ஃபைல்எக்ஸிஸ்ட்ஸ்எரரும் ஓஎஸ்எரரின் பிள்ளைதான், அப்பா முன்னால் நின்றால் பிள்ளைக்கு வேலையே வராது.

இந்த நிரலில் ஒரு ஓட்டை இருக்கிறது, நீங்களே கண்டுபிடித்திருக்கலாம்: ‘ஆம்’ சொல்லி டபிள்யூ ஆன பிறகு எழுத முடியாமல் போய் வேறு பெயர் கேட்டால், முறை டபிள்யூவாகவே நிற்கும். வேறு பெயர் கேட்கும் இரண்டு இடத்திலும் அடுத்த வரியாக முறை = "எக்ஸ்" என்று சேர்த்துவிடுங்கள். என் முதல் வடிவத்தில் இது இல்லை என்பதற்காகவே அப்படியே விட்டுக் காட்டினேன்.

ரைட்டைப் பற்றி இரண்டு விஷயம்தான். ப்ரிண்ட் மாதிரி அது தானாக அடுத்த வரிக்குப் போகாது, சாய்கோடு-என் நீங்கள்தான் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் நாலு வீட்டு பில்லும் ஒரே வரியில் ரயில் பெட்டி மாதிரி நிற்கும். எண்ணை நேராகக் கொடுத்தால் ஏற்காது, எஸ்டிஆர் போட்டுச் சரமாக்கிக் கொடுக்க வேண்டும்.

ஓஎஸ்எரர் பிடித்தது எதற்கு? மாசத்தின் பெயருக்குப் பதில் தேதியைத் தட்டுபவர்களுக்காக. 15/07 என்று தட்டினால் கணினி அதை ‘15 என்ற ஃபோல்டருக்குள் 07’ என்று புரிந்துகொள்ளும், அந்த ஃபோல்டர் இல்லாததால் எழுதப் போகிற இடத்தில் ஃபைல் இல்லை என்று எரர் வரும், புதியவர்களுக்கு இது மகா குழப்பம். விண்டோஸில் கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள், கோண அடைப்பு, நிமிர்ந்த கோடு எதுவும் பெயரில் ஆகாது. முக்காற்புள்ளி இன்னும் மோசம்: ‘பில்:ஆனி’ என்று தட்டினால் எரரே வராது, ‘பில்’ என்ற பெயரில் 0 பைட் ஃபைல் ஒன்று கிடக்கும், எழுதியதெல்லாம் என்டிஎஃப்எஸ்ஸின் (விண்டோஸ் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) மறைவான ஓர் அறைக்குள் போய்விடும், நோட்பேடில் தேடினால் கிடைக்காது. பெயர்_கேள் ஃபங்ஷனில் முக்காற்புள்ளியை ரீப்ளேஸ் போட்டுக் கோடாக மாற்றிவிடலாம், ஆனால் முழுப் பாதையில் ட்ரைவ் எழுத்துக்குப் பின்னால் வரும் முக்காற்புள்ளியும் அதில் மாட்டும். எங்கள் வீட்டில் யாரும் முழுப் பாதை தட்டுவதில்லை என்பதால் நான் மாற்றிவிட்டேன். லினக்ஸில் பெயருக்கு வரம்பு 255 பைட், தமிழ்க் குறியீடு 3 பைட் என்பதால் 85 குறியீடு. அவ்வளவு நீளமாகப் பெயர் வைப்பவரைக் கண்டால் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் கோக்க மூன்றே வரி:

மூலம், வரிகள் = கணக்கைப்_படி()
மொத்தம் = கூட்டு(வரிகள்)
பில்_எழுது(மொத்தம், 50, மூலம்)

லிட்டர் 50 ரூபாய் என்று வைத்தால் மேலே உள்ள இரண்டு நாள் கணக்குக்கு மாடி வீடு 100.0, டீக்கடை 675.0, வாத்தியார் வீடு 50.0, கோயில் வீடு 200.0 என்று நாலு வரி வர வேண்டும். ஐந்து வரி வந்தால் நார்மலைஸ் விட்டுப் போயிருக்கிறது, அல்லது சிக். கவனித்தீர்களா, படிப்பது முழுக்க முடிந்து ஃபைலை மூடிய பிறகுதான் எழுதத் திறக்கிறோம்.

சி++ படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை, பிளஸ் ஒன்னில் அதுதானே பாடம். அங்கே சின் வழியாகப் பெயரை வாங்கினால் முதல் இடைவெளியோடு நின்றுவிடும், ‘ஆனி பில்’ என்று தட்டினால் ‘ஆனி’ மட்டும்தான் வரும். நம் விஷயத்தில் அது கணக்கு ஃபைலின் பெயர். ஆஃப்ஸ்ட்ரீமும் சும்மா திறந்தால் டபிள்யூ மாதிரியே காலி செய்துவிட்டுத்தான் உட்காரும். கெட்லைன் போட்டு முழு வரியையும் வாங்குங்கள். சி-யில் எஃப்கெட்ஸ் என்றால் அது என்டரையும் பெயரோடு சேர்த்தே தரும், கடைசி எழுத்தை வெட்டாமல் எஃப்ஓப்பனுக்குக் கொடுத்தால் லினக்ஸில் வாலில் புது வரியோடு ஒரு விநோத ஃபைல் பிறக்கும். எங்கள் காலேஜ் சர்வரில் என் பெயரில் அப்படி நாலைந்து இருந்தன, அழிப்பதற்குப் பெயரை எப்படித் தட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை.